ஜாக்கி மேல் நின்ற வீடு

கட்டடங்களை ஆட்டிப் பார்ப்பது என் வேலை. தரமணியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெரிய இரும்பு மேடை இருக்கிறது. அதன்மேல் செங்கல் சுவர், தூண், சின்ன அறை என்று எதையாவது கட்டிவைத்து, பூகம்பத்தில் எப்படி ஆடுமோ அப்படி ஆட்டுவோம். முதலில் காரை உதிரும். பிறகு ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஓடும். அதற்கு மேல் நடப்பதைப் பார்க்க வெளியூர்களிலிருந்து மாணவர்கள் வருவார்கள், படம் பிடிப்பார்கள், சிலர் கைகூடத் தட்டுவார்கள். கைதட்டுகிறவர்களை நான் வெளியே அனுப்பிவிடுவேன். அதனால் அங்கே எனக்கு அவ்வளவு நல்ல பெயர் கிடையாது.

இப்படிப்பட்டவளைப் பெற்றவர்கள், தரையிலிருந்து பெயர்த்து ஜாக்கிகளின் மேல் நிறுத்திய ஒரு வீட்டின் மாடியில் பிடிவாதமாகக் குடியிருந்தார்கள் என்று சொன்னால் என்னோடு வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். அதனால் அவர்களிடம் நான் சொல்லவில்லை.

வீடு தி. நகரில், ரங்கநாதன் தெருவிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில். கீழே வீட்டுக்காரர் அய்யாதுரை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ரங்கநாதன் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்ததால் தெருவுக்கே அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சிதான். மாடியில் நாங்கள் மூன்று பேர்: அப்பா அப்துல் கய்யூம், அம்மி அஃப்சருன்னிசா, நான். பாண்டி பஜாரில் அப்பாவுக்கு ஒரு மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுபோய்க் காட்டினால், பார்த்த பார்வையில் அதே நிறத்தில் ஜாக்கெட் துணியை எடுத்துப் போட்டுவிடுவார். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அந்த மாடிக்குக் குடிவந்தோம். எங்களுக்குள் பேசுவது உருது, அம்மாவை அம்மி என்பேன். இங்கே தமிழில் சொல்கிறேன், காரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

குடிவந்த காலத்தில் அண்ணாச்சி வீட்டுக்குள் போக மூன்று படி ஏற வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். இரண்டு பெரிய வெள்ளம் பார்த்துவிட்டோம். இரண்டாவதில் அண்ணாச்சியின் ஃபிரிட்ஜ் மிதந்துபோய்ச் சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. அன்றைக்கே அவர் முடிவு செய்துவிட்டார், வீட்டைத் தூக்கிவிடுவது என்று.

அதற்கு வந்தவர் செம்பியன். வீடு தூக்கும் ஒப்பந்தக்காரர். சுவரின் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, இரும்புச் சட்டம் செருகி, அதன் கீழே வரிசையாக ஜாக்கிகளை நிறுத்துவார். லாரிக்கு டயர் மாற்ற வைப்பார்களே, அதே ஜாதி. விசில் ஊதியதும் ஆட்கள் எல்லா ஜாக்கிகளையும் ஒரே அளவு திருகுவார்கள், வீடு நூலளவு எழும்பும். இப்படியே நாலடி தூக்கி, இடைவெளியில் செங்கல் கட்டிவிட்டு ஜாக்கிகளை உருவிவிடுவார்கள். தூக்கிய ஒரு வீட்டின் கூடத்தில் தளும்பத் தளும்பத் தண்ணீர் டம்ளர் ஒன்றை வைத்து எடுத்த வீடியோவைக் காட்டினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"வூட்டை காலிகூட பண்ண வேணாம். சமைங்க, தூங்குங்க, சீரியல் பாருங்க. நம்ம வேலை பாட்டுக்கு கீழ நடந்துகினு கீது" என்றார்.

"பக்கவாட்டுல ஒரு தள்ளு வந்தா?" என்று கேட்டேன்.

"யாரு மேடம் வூட்டைப் போய் தள்ளப் போறாங்க?"

"பூமி."

செம்பியன் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி, பேரம் படியாத வாடிக்கைக்காரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம், மெட்ராஸ்ல எங்க மேடம் பூகம்பம்?"

இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். பூகம்பம் இங்கே அடிக்கடி வராது, உண்மை. வரவே வராது என்பது பொய். அதிலும் தி. நகர் ஒரு காலத்தில் ஏரி. ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம். மழைக்குத் தண்ணீர் தேடி வருவதும் அதனால்தான், தூரத்தில் எங்கோ அதிர்ந்தால் மெத்து மண் அதைப் பெரிதாக்கிக் கொடுப்பதும் அதனால்தான். வெள்ளத்துக்குப் பயந்து வீட்டுக்குக் கால் வைக்கிறார்கள், அந்தக் காலை எதனோடும் கட்டிப்போடுவதில்லை. ஜாக்கி எடையை நன்றாகத் தாங்கும். தரை பக்கவாட்டில் நகர்ந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. பாயில் நிற்கிறவனின் காலடியிலிருந்து பாயை வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

அண்ணாச்சியிடம் மூன்று விஷயம் சொன்னேன். ஜாக்கிகளுக்கு இடையே குறுக்கு இரும்பு அடித்து, பக்கத்தில் மரக்கட்டைகளை அடுக்கிவைக்க வேண்டும். தூக்கி முடித்ததும் வெறும் செங்கல் கட்டாமல், பழைய சுவர் மேல் கான்கிரீட் பட்டை போட்டு, மூலைக்கு மூலை கம்பி இறக்கி, மேல்வீட்டையும் கீழ்ச்சுவரையும் ஒன்றாகப் பிணைக்க வேண்டும். வீடு ஜாக்கி மேல் நிற்கும்வரை உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

"சொல்லுதது புரியுது பாப்பா. பாத்துக்கிடுவோம்" என்றார் அண்ணாச்சி. எனக்கு வயது முப்பத்தொன்று. இன்னும் பாப்பாதான்.

முதல் இரண்டும் காற்றோடு போயின. மூன்றாவதை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் அண்ணாச்சியின் மகன் சுரேஷ்குமார்.

சுரேஷ்குமார் அடையாறில் இருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை நேராக மாடிக்கு ஏறி வந்தார். அம்மி டீ கொடுத்தாள். குடித்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்:

"பாய், உங்க பொண்ணே சொல்லிட்டாங்க. எஞ்சினியர் சொன்னா கேட்டுக்கணும் இல்லையா? வேலை முடியற வரைக்கும் மேல ஆள் இருக்கக் கூடாதாம். சீக்கிரம் ஒரு இடம் பாத்துக்குங்க."

"முடிஞ்சதும் வந்துடலாம்ல தம்பி?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம் பாய்."

அந்த 'அப்புறம்' எங்கே இருக்கிறது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு மாடியை அறை அறையாகத் தடுத்து நாள் வாடகைக்கு விடப்போவதாக அவர் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் காதுக்கும் வந்திருந்தது.

இந்த ஊரில் எங்கள் பெயரை வைத்துக்கொண்டு வாடகை வீடு தேடியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. போன வருடம், தரமணிக்குப் பக்கமாக இருக்கட்டுமே என்று அடையாறில் தேடினேன். போனில் எல்லாம் இனிமையாகத்தான் போகும். எத்தனை பேர், எங்கே வேலை, எப்போது வருகிறீர்கள். கடைசியில், "பேர் என்னன்னு சொன்னீங்க?" சொன்ன நிமிடத்தில் வீடு வேறு யாருக்கோ போய்விட்டிருக்கும். ஒரு அம்மாள் மட்டும், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டாங்க" என்று சொன்னாள். அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன், பிறகு குளியலறையில் போய் அழுதேன்.

சுரேஷ்குமார் இறங்கிப் போனதும் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இந்த மாடியை விட்டு எங்களைக் கிளப்ப இவன் என்னென்னமோ பண்ணிப் பாத்தான். நான் அசையல. கடைசில உன் வாயாலயே சொல்ல வச்சுட்டான்."

"அப்பா, நான் ஜாக்கியைப் பத்திச் சொன்னேன். வீட்டைப் பத்திச் சொல்லல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். இறங்கினா திரும்ப ஏற முடியாது. விழுந்தா வீட்டோட விழுந்துட்டுப் போறேன்."

அதோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ கிளாஸைச் சுவரில் எறிந்திருப்பேன். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் என் கையைப் பிடித்தது. நான் சொன்னது சரியாக இருக்க இருக்க, அப்பா இறங்காமல் இருப்பதும் உறுதியாகிக்கொண்டே போனது.

வீடு எழும்பியது. அண்ணாச்சியும் அவர் மனைவியும் அடையாறுக்குப் போய்விட்டார்கள். கீழ்வீடு காலி, மேலே நாங்கள். தெருவில் நின்று குனிந்தால் வீட்டுக்கு அடியில் பின்பக்கத்துச் சுற்றுச்சுவர்வரை தெரிந்தது. வெளிப்படிக்கட்டை வீட்டிலிருந்து அறுத்துவிட்டு, பதிலுக்கு மரப்படி ஒன்றைச் சாய்த்திருந்தார்கள். அம்மிக்கு முழங்கால் வலி. அதில் ஒருமுறை இறங்கி ஏறிவிட்டு, "என்னை இனி யாரும் கீழ கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு அவள் அந்த மாடியிலேயேதான் இருந்தாள். அவள் சமையலறையில் இஞ்சி இடித்தால்கூட ஓடிப்போய்த் தடுப்பேன்.

தினமும் வேலைக்குக் கிளம்பும்போது செம்பியனிடம் கெஞ்சுவேன்.

"எனுக்கு இன்னா மேடம் கஷ்டம்? அண்ணாச்சி ஒரு வார்த்த சொல்லட்டும், சுத்தி இரும்பு அடிச்சுக் குட்த்துடறேன். செலவுன்னு சுரேஷ் சாரு வேணாம்ன்றாரே" என்பார். ஆள் மோசமில்லை. வேறொரு வேலையில் மிச்சமான இரும்பு ஆங்கிள்களைக் கொண்டுவந்து, வாசல் பக்கத்து வரிசைக்கு மட்டும் குறுக்காக அடித்துக் கொடுத்தார். "உனுக்காகத்தான், சார்கிட்ட சொல்லாத" என்றார். மற்ற மூன்று பக்கமும் வெறும் ஜாக்கிதான். இடையே அடுக்க வேண்டிய மரக்கட்டைகள் தெருவோரம் குவிந்து கிடந்தன.

சனிக்கிழமை மதியம் நான் அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். ரங்கநாதன் தெருவில் சனிக்கிழமை எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கூட்டமே என்னைக் கொண்டுபோய்க் கடை வாசலில் விட்டது. அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் கம்பிகளில் கரண்டி, ஜல்லடை, டிபன் கேரியர், பால் தூக்கு என்று கடை முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு வார்த்தை அண்ணாச்சி. வேலை முடிஞ்சதும் திரும்ப வரலாம்னு எங்கப்பாகிட்ட நீங்க சொல்லுங்க. இன்னைக்கே இறங்கிடுவாங்க."

"நான் சொன்னா ஆச்சா பாப்பா? நாளைக்கு எல்லாம் அவன் கையிலதான. அவன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"வீட்டுக்காரர் நீங்களா, அவரா?"

அண்ணாச்சி ஒரு டம்ளரை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

"நீங்க உங்க பையனுக்குப் பயப்படறீங்க. எங்கப்பா உங்களுக்குப் பயப்படறாரு. நடுவுல எங்கம்மா ஜாக்கி மேல உக்காந்திருக்காங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பாத்திரம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது கரண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

யாரோ கம்பியில் மோதிவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை. எல்லாக் கரண்டிகளும் ஒரே திசையில் போய், ஒன்றாகத் திரும்பி வந்தன. பிறகு டிபன் கேரியர்கள். பிறகு மேல்வரிசையில் பால் தூக்குகள். கடை முழுக்கக் கிணுகிணுவென்று சத்தம். விற்பனைப் பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். வருடக்கணக்காக நான் பார்த்துவரும் ஆட்டம்தான் அது. நான் ஆட்டாமல் ஆடி அன்றுதான் பார்த்தேன்.

மூச்சை இழுத்துப் பிடித்து விடுகிற நேரம்தான் இருக்கும். நின்றுவிட்டது. கடலுக்குள் எங்கோ, வெகுதூரத்தில். எங்கள் கணக்கில் அது சின்ன விஷயம், தரையில் ஊன்றி நிற்கிற வீட்டில் காரைகூட உதிராது. ஆனால் எங்கள் வீடு தரையில் ஊன்றி நிற்கவில்லை.

அண்ணாச்சியைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பாயம்மா மேலயா இருக்காங்க?" என்றார்.

அம்மி மேலேதான். மதியம் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் அப்பாவும் வீட்டுக்கு வந்திருப்பார். போன் போட்டேன், போகவில்லை. ஊரே போன் போட்டுக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி செருப்புகூடப் போடாமல் கல்லாவிலிருந்து குதித்து இறங்கினார். தெருவில் காலடி வைக்க இடமில்லை. மாடி மாடியாக ஜவுளிக்கடைகள் எல்லாம் காலியாகி, அத்தனை பேரும் அந்தச் சந்தில் வந்து நின்றுகொண்டு, கட்டடங்களின் அடியிலேயே நின்று, அண்ணாந்து கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே கண்ணாடி, பெயர்ப்பலகை, ஏசி பெட்டி. "கட்டடத்தை விட்டுத் தள்ளிப் போங்க, திறந்த இடத்துக்குப் போங்க" என்று கத்தினேன். ஒருத்தர்கூட அசையவில்லை. எல்லோரும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். தெரிந்த கடை ஒன்றின் வழியாகப் புகுந்து, துணி மூட்டைகளைத் தாண்டி, பின்வாசலில் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அங்கிருந்து ஓடினோம். ஓடுகையில் என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. மாடியின் எடை, ஜாக்கியின் உயரம், மண். கணக்கு போடாமல் இருக்க முடிந்தால் என்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்திருப்பேன்.

தெரு திரும்பியதும் வீடு தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது.

செம்பியனின் ஆட்கள் எல்லோரும் ரோட்டில் இருந்தார்கள். சனிக்கிழமை வேலையைப் பார்க்க வந்த சுரேஷ்குமாரும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செம்பியன் ஓடி வந்தார்.

"மேடம், வாசப் பக்கம் ஸ்டெடியா கீது. பின்னால வரிசைதான் மேடம், சாஞ்சிகினு கீது."

குனிந்து பார்த்தேன். குறுக்கு இரும்பு அடித்த வரிசை அப்படியே நின்றது. பின்பக்கத்து ஜாக்கிகள் அத்தனையும், திருப்பத்தில் பஸ்ஸில் நிற்கிறவர்களைப்போல, ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. வீடு நாலு விரற்கடை நகர்ந்திருந்தது. மரப்படி விலகிக் கீழே கிடந்தது. மாடி வாசலில் அம்மி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அப்பா.

ஒரு அதிர்வுக்குப் பின்னால் இன்னொன்று வரலாம். வராமலும் போகலாம். வரவே வேண்டாம், பின்வரிசையில் ஒரு ஜாக்கி நழுவினால் போதும்.

"கட்டையெல்லாம் பின்பக்கம் கொண்டுபோய் அடுக்குங்க. வெளிய நின்னே உள்ள தள்ளுங்க. வீட்டுக்கு அடில ஒருத்தர் தலைகூடப் போகக் கூடாது" என்றேன். செம்பியன் விசில் ஊதினார். ஆட்கள் ஓடினார்கள். இரண்டு பேர் மரப்படியைத் தூக்கி மாடி வாசலில் சாய்த்துக் கயிறு கட்டினார்கள்.

"அம்மி, வா. மெதுவா."

அம்மி காலை எடுத்தாள். அப்பா அவள் கையை விடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. என் தலைக்கு மேலாக அண்ணாச்சியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நாங்க இறங்கினா திரும்ப ஏறலாமா?"

"பாய், இதெல்லாம் பேசற நேரமா இது? மொதல்ல இறங்குங்க" என்றார் சுரேஷ்குமார்.

"இதான் தம்பி நேரம்" என்றார் அப்பா.

தெரு முழுக்க ஜனம். எதிர்வீட்டுக்காரர்கள், தையற்கடைக்காரர், அயர்ன்காரர் எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி வாயைத் திறந்தார். மகனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் இரும்பு ஒன்று கிறீச்சென்று முனகியது. செம்பியனின் ஆட்கள் கட்டையைப் போட்டுவிட்டுப் பின்வாங்கி, மறுபடி வந்து தூக்கினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அண்ணாச்சி கடையிலயே சொல்லிட்டாரு" என்று கத்தினேன். உருதுவில் அல்ல, தெருவே கேட்கும்படி தமிழில். "வேலை முடிஞ்சதும் நாமதான் மேல வர்றோம். அதை உன்கிட்டச் சொல்லத்தான் என்கூடவே ஓடி வந்தாரு."

கருவி காட்டும் அளவில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதாதவள் நான். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் என்னை நம்பவில்லை.

"அப்படியா அண்ணாச்சி?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். மிரட்டினேனா கெஞ்சினேனா என்று எனக்கே தெரியவில்லை. என் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

"ஆமா பாய்" என்றார் அண்ணாச்சி. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னார். "ஆமா. சொன்னேன். உங்க புள்ளைட்ட கடையில வச்சு சொன்னேன்."

"எப்பப்பா சொன்னீங்க?" என்றார் சுரேஷ்குமார்.

"பாத்திரம் ஆடுதப்போ சொன்னேன்லே. நீ என்னத்தக் கண்ட?"

அப்பா அம்மியின் கையை விட்டார். அம்மி திரும்பி, படியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் வைத்து, மறு காலை அதே படிக்குக் கொண்டுவந்து, நின்று, அடுத்த படி இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் "யா அல்லாஹ்" என்றாள். கீழே நின்று அவள் காலைப் பிடித்துப் பிடித்து வைத்தேன். கடைசிப் படியில் அவள் முழு எடையும் என்மேல் விழுந்தது. அப்படியே இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனேன்.

திரும்பிப் பார்த்தால் மாடி வாசலில் அப்பா இல்லை.

உள்ளே போய்விட்டிருந்தார். "அப்பா!" என்று கத்தினேன். பதிலாக, ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம். பிறகு வெளியே வந்தார். கதவை இழுத்துச் சாத்திப் பூட்டுப் போட்டார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். சாய்ந்து நிற்கிற வீட்டில் எவன் ஏறித் திருடப் போகிறான்? அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த கோபம்போல என் வாழ்நாளில் யார்மேலும் வந்ததில்லை.

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அவர் ரோட்டுக்கு வந்து அம்மி பக்கத்தில் நின்ற சற்று நேரத்தில் பின்பக்கம் தடால் என்று சத்தம் கேட்டது. மூலை ஜாக்கி தெறித்துவிட்டது. வீடு ஒரு பக்கம் சட்டென்று இறங்கி, கட்டை அடுக்கின்மேல் உட்கார்ந்து, நின்றது. மாடி ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாகக் கீழே ஓடியது. அது எங்கள் படுக்கையறைச் சுவர்.

செம்பியன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார். "கட்டை மட்டும் இல்லன்னு வை, அவ்ளோதான். மேடம், இனிமே நீ எங்க கை காட்றியோ அங்க இரும்பு. யாரு வேணாம்னாலும் கேக்க மாட்டேன்."

வெயில் தாழ்வதற்குள் நான்கு பக்கமும் கட்டை அடுக்கி, குறுக்கு இரும்பு அடித்துவிட்டார்கள். வேறொரு இடத்திலிருந்து இன்னும் நாலு ஆள் வந்தார்கள். நான் நின்று ஒவ்வொரு மூலையையும் காட்டினேன். என்னை எதிர்த்து யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பூகம்பம் வருமா வராதா என்று அந்தத் தெருவில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. இந்த ஞானம் எத்தனை நாள் நிலைக்கும் என்று தெரியாது, அதனால் கான்கிரீட் பட்டைக்கும் மூலைக் கம்பிக்கும் அண்ணாச்சியிடம் கையோடு சம்மதம் வாங்கிக்கொண்டேன்.

ஒன்றுதான் மிச்சமிருந்தது. விரிசல் விட்ட சுவருக்கு மாடியின் உள்ளிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

சுரேஷ்குமார் அப்பா முன்னால் வந்து கையை நீட்டினார்.

"சாவி குடுங்க பாய். ஆளுங்க உள்ள போகணும். வேலை முடியற வரைக்கும் எங்ககிட்டயே இருக்கட்டும், நீங்க அலைய வேணாம்."

நியாயமான பேச்சுதான். வேலைக்காரர்கள் உள்ளே போகத்தான் வேண்டும், சொன்னதே நான்தான். அப்பாவின் கை சட்டைப் பைமேல் போய் நின்றது. என்னைப் பார்த்தார். என்னிடமிருந்த ஒரே பொய்யையும் செலவழித்துவிட்டிருந்தேன்.

அண்ணாச்சி, மிச்சமான கட்டை ஒன்றின்மேல் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்காமலே சொன்னார்:

"சாவி பாய்ட்டயே இருக்கட்டும்."

"அப்பா, ஆளுங்க எப்படி..."

"ஆளு மேல போகணும்னா பாய் வந்து தெறந்து விடுவாரு. அவரு வீட்டுக்குள்ள அவரக் கேக்காம நீ எப்படி ஆளு விடுவ?"

சுரேஷ்குமார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. அதே அளவுக்கு, இதை ஒரு மாதம் முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கத்த வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

அன்று ஐஸ் ஹவுஸ் பகுதியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் காலையில் வேலையைப் பார்க்க நான் வந்தபோது, அப்பா எனக்கு முன்னாலேயே வந்து தெருவில் நின்றுகொண்டிருந்தார். புதிதாகச் சலவை செய்த சட்டை. ஆட்கள் வந்ததும் முதல் ஆளாக மரப்படியில் ஏறி, பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளினார். முட்டுக்கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் பின்னால் ஏறினார்கள். அப்பா வாசலை மறித்துக்கொண்டு, சுரேஷ்குமார் மாடியேறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள போகச் சொல்லு."

காரை உதிர்ந்த, ஆணி சிதறிக் கிடக்கிற, விரிசல் விட்ட வீடு. எந்தப் பாதுகாப்பு விதியிலும் இப்படி ஒரு உத்தரவு கிடையாது. வேறு எவராவது கேட்டிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

ஆட்களிடம் சொன்னேன். கழற்றினார்கள். ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நான் முதலில் உள்ளே போனேன்.